அதே வண்டியை மறுபடி வாங்குவது

ஸ்விஃப்டை விற்றுவிட்டு ஸ்விஃப்டே வாங்குகிறவர்கள் நம் ஊரில் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். இன்னோவாவுக்கும் பொலேரோவுக்கும் வேகன்-ஆருக்கும் இதே மாதிரி ஆட்கள் உண்டு. "இவ்வளவு காசைக் கொட்டி மறுபடியும் அதே காரா?" என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. ஆறேழு வருடம் நீங்கள் ஓட்டிய வண்டியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த அளவு ஷோரூம் விற்பனையாளருக்குத் தெரியாது. எந்தச் சத்தத்துக்கு மெக்கானிக்கிடம் போக வேண்டும், எதை அடுத்த சர்வீஸ் வரைக்கும் விட்டுவைக்கலாம், ஏ.சி. போட்டுக்கொண்டு நாலு பேரோடு மேம்பாலம் ஏறும்போது எந்த கியர் தாங்கும் என்பதெல்லாம் பணம் கொடுத்து வாங்க முடியாத விவரம்.

ஆனால் அந்த விவரம் எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். உங்கள் அனுபவம் ஒரு குறிப்பிட்ட எஞ்சினையும், ஒரு கியர்பாக்ஸையும், ஒரு தலைமுறை பாடியையும் பற்றியது. பெயர் மட்டும் அப்படியே இருக்க, இந்த மூன்றும் மாறிப்போயிருக்கலாம். ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். இந்த அத்தியாயத்தில் பெரும்பாலும் ஸ்விஃப்டையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். நம் சாலைகளில் நிறைய ஓடுகிறது, நான்கு தலைமுறை வந்துவிட்டது, உள்ளே மாறியது என்ன என்பதும் தெளிவாகத் தெரியும்.

பெயர் ஒன்று, வண்டி வேறு

இந்தியாவில் ஸ்விஃப்ட் 2005 மே மாதம் வந்தது. அப்போது அதில் இருந்தது எஸ்டீமிலும் ஜிப்சியிலும் ஓடிய அதே 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். 2007இல் ஃபியட்டிடம் உரிமம் பெற்றுச் செய்த 1.3 டீசல் சேர்ந்தது. 2010இல் பெட்ரோலுக்கு 1.2 லிட்டர் கே-சீரிஸ் எஞ்சின் வந்தது. பாடி மாறவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் 2009 வண்டிக்கும் 2010 வண்டிக்கும் வித்தியாசம் தெரியாது.

பானெட்டைத் திறந்தால் கதை வேறு. பழைய 1.3 பெட்ரோலில் டைமிங் பெல்ட். ரப்பர் என்பதால் அதற்கு ஆயுள் உண்டு, குறித்த கிலோமீட்டரில் மாற்றியே ஆக வேண்டும். 1.2இல் டைமிங் செயின். அதற்கு அப்படித் தவணை வைத்து மாற்றும் வேலை இல்லை, ஆனால் ஆயிலை நேரத்துக்கு மாற்றாமல் இழுத்தடித்தால் செயின் தளர்ந்து சத்தம் போடும். 2010 வண்டி வைத்திருந்தவர் அதே உருவத்தில் ஒரு 2008 வண்டியை மலிவாகப் பிடித்து, 'இந்த வண்டிக்கு பெல்ட்டே கிடையாதே' என்ற நினைப்பில் ஓட்டிக்கொண்டிருந்தால், ஒருநாள் நெடுஞ்சாலையில் இழுவை வண்டிக்கு போன் போட வேண்டியதுதான்.

2011 ஆகஸ்டில் இரண்டாம் தலைமுறை, 2018 பிப்ரவரியில் மூன்றாவது. மூன்றாவதில் அடித்தளமே புதிது, எடை கணிசமாகக் குறைந்தது, டிக்கி 204 லிட்டரிலிருந்து 268 லிட்டரானது. கிளட்ச் மிதி இல்லாத ஏ.எம்.டி. கியரும் இதில்தான் வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபோது டீசல் நின்றுபோனது. 2021இல் பெட்ரோல் எஞ்சின் மறுபடி மாறியது. 2024 மே மாதம் வந்த நான்காம் தலைமுறையில் நாலு சிலிண்டர் போய் மூன்று சிலிண்டர். 90க்கு ஓரிரு புள்ளி குறைவாக இருந்த குதிரைத்திறன் 80 சொச்சமாக இறங்கி, மைலேஜ் கூடியது.

ஆகவே வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, உங்கள் பழைய வண்டியின் எஞ்சின், கியர்பாக்ஸ், தலைமுறை மூன்றையும் ஒரு தாளில் எழுதி, வாங்கப்போகும் வண்டியின் மூன்றையும் பக்கத்தில் எழுதுவது. மூன்றும் ஒத்துப்போனால் உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் செல்லும். எஞ்சின் மட்டும் ஒன்றானால் மெக்கானிக்கை மாற்ற வேண்டியதில்லை, அவ்வளவுதான். மூன்றுமே வேறு என்றால் நீங்கள் வாங்குவது புது மாடல் கார். அதை அப்படித்தான் நடத்த வேண்டும்: போட்டி வண்டிகளையும் ஓட்டிப் பாருங்கள், பிறகு முடிவெடுங்கள்.

சின்னச் சின்ன சாமான்களிலும் இதே கணக்குதான். கீழ்நிலை ஸ்விஃப்டுகளின் 165/80 ஆர்14 டயர் அளவு தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. அதற்காகப் பழைய வண்டியின் அலாய் வீல்களைக் கழற்றி வைத்துக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள். போல்ட் இடைவெளியும் நடுத்துளையும் பொருந்துகிறதா என்று வீல் கடையில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்து வையுங்கள். தரை மிதியடி, சீட் கவர், கார் கவர் எல்லாம் அதே தலைமுறைக்குள் மட்டும்தான் பொருந்தும்.

ஷோரூமில்

மறுபடி அதே காருக்கு வருகிற ஆள் என்று தெரிந்துவிட்டால் விற்பனையாளர் முகத்தில் ஒரு நிம்மதி வரும். இவர் வேறு கம்பெனிக்குப் போகமாட்டார், டெஸ்ட் டிரைவ் கேட்கமாட்டார், தள்ளுபடியில் முறுக்கமாட்டார் என்று கணக்குப் போட்டுவிடுவார். பழைய காரை ஷோரூம் வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போகாதீர்கள். ஆன்-ரோடு விலையை முதலில் எழுதி வாங்குங்கள், அதன் பிறகு எக்ஸ்சேஞ்ச் பேச்சை எடுங்கள். எக்ஸ்சேஞ்ச் போனஸ் வேறு, பழைய வாடிக்கையாளருக்கான லாயல்டி சலுகை வேறு. இரண்டையும் ஒரே தொகையாகக் காட்டினால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். பழைய காருக்கு வெளியில் என்ன விலை கிடைக்கும் என்று இரண்டு மூன்று இடத்தில் கேட்டுவைத்துக்கொண்டு போவது நல்லது.

டெஸ்ட் டிரைவ் அவசியம் வேண்டும், அதுவும் தனியாக இல்லை. வீட்டில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு, ஏ.சி. முழுசாக வைத்து, ஒரு மேம்பாலத்தில் நின்று கிளம்பிப் பாருங்கள். நாலு சிலிண்டர் ஸ்விஃப்டில் பழகியவருக்கு மூன்று சிலிண்டரின் அதிர்வு சிக்னலில் நிற்கும்போதுதான் தெரியும். ஷோரூம் ஆள் கூட்டிப்போகும் காலியான சர்வீஸ் ரோட்டில் தெரியாது. பிடிக்கவே பிடிக்காது என்று சொல்லவில்லை. பலருக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும். ஆனால் கையெழுத்துப் போடும் முன்பே உங்கள் முதுகும் கையும் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

எந்த நேரத்தில் வாங்குவது என்பதில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. மறுபடி வாங்குகிறவருக்குப் புதுத் தலைமுறையின் முதல் மாதங்களைவிட, போகப்போகிற தலைமுறையின் கடைசி வருடம் நல்லது. அதற்குள் ஆரம்பக் குறைகள் சரிசெய்யப்பட்டிருக்கும், உதிரி பாகம் எல்லாக் கடையிலும் இருக்கும், ஷோரூமும் ஸ்டாக்கைத் தள்ளிவிடத் தள்ளுபடி தரும். உங்கள் அனுபவமும் முழுசாகச் செல்லுபடியாகும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் வருடமும் அச்சாகும். போன வருடத் தயாரிப்பை இந்த வருடம் பதிவுசெய்து கொடுத்தால், விற்கும்போது ஒரு வருடம் பழசாகத்தான் மதிப்பார்கள். அந்த நஷ்டத்தைத் தள்ளுபடி ஈடுகட்டுகிறதா என்று கணக்குப் பாருங்கள்.

இந்த அபிப்பிராயத்துக்கு ஒரு விதிவிலக்கு, பாதுகாப்பு. 2018க்கு முந்தைய ஸ்விஃப்டின் கீழ்நிலை வகைகள் பலவற்றில் ஏர்பேக் கிடையாது. ஏர்பேக் இல்லாத இரண்டாம் தலைமுறை ஸ்விஃப்டுக்கு குளோபல் என்கேப் 2014 சோதனையில் பூஜ்யம் நட்சத்திரம் கொடுத்தது. மூன்றாம் தலைமுறையில் எல்லா வகையிலும் இரண்டு ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் வந்தன. நான்காவதில் எல்லாவற்றிலும் ஆறு ஏர்பேக். குடும்ப வண்டியாக வாங்குகிறவர் பழைய பாசத்தில் ஏர்பேக் இல்லாத வண்டிக்குத் திரும்புவதில் எந்த நியாயமும் இல்லை.

செகண்ட் ஹாண்டில் அதே தலைமுறை

உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் முழுசாகப் பயன்படும் இடம் இது. உங்கள் வண்டி நன்றாக இருந்து விபத்தில் போயிருக்கலாம், வீட்டில் இன்னொருவருக்கு வண்டி வேண்டியிருக்கலாம், அல்லது கம்பெனி நிறுத்திவிட்ட டீசலே உங்களுக்குப் பிடித்திருக்கலாம். இருக்கும் வண்டி ஓடும் நிலையில் இருந்தால், பார்க்கப்போகும்போது அதையே ஓட்டிக்கொண்டு போங்கள். எந்த வெளி ஆய்வாளரும் கொண்டுவர முடியாத அளவுகோல் அது.

காலையில் போங்கள். நீங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். போனதும் முதலில் பானெட்டின்மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் எடுக்கும் சத்தத்தை உங்களுக்குக் காட்ட விருப்பமில்லை என்று பொருள். இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம்.

குளிர்ந்திருந்தால் பக்கத்தில் உங்கள் வண்டியை நிறுத்துங்கள். அதை அணைத்துவிட்டு இதை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, நீங்கள் பம்பருக்கு எதிரே நில்லுங்கள். முதல் சில நொடிகளில் கேட்கும் கரகரப்பு, சைலன்சரிலிருந்து வரும் புகையின் நிறம், ஐட்லிங் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதெல்லாம் உங்கள் வண்டியோடு ஒப்பிட்டால் ஒரு நிமிடத்தில் பிடிபடும். கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று காலால் பாருங்கள். உங்கள் வண்டியைவிட மேலே வந்து பிடித்தால் கிளட்ச் பிளேட் செலவு வாசலில் நிற்கிறது.

ஓடோமீட்டரை நம்பாதீர்கள், உங்கள் வண்டியை நம்புங்கள். உங்கள் 80,000 கிலோமீட்டரில் பிரேக் மிதியின் ரப்பர் எவ்வளவு தேய்ந்தது, ஸ்டியரிங் எங்கே பளபளத்தது, டிரைவர் சீட்டின் வெளி விளிம்பு எவ்வளவு அமுங்கியது என்று உங்களுக்குத் தெரியும். 45,000 என்று காட்டும் வண்டியில் அதே அளவு தேய்மானம் இருந்தால் வேறு சாட்சி வேண்டியதில்லை.

விபத்து பார்ப்பதும் இப்படியே. கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கை விரலால் கொஞ்சம் விலக்குங்கள். உள்ளே தகடுகள் சேரும் இடத்தில் வரிசையாக வட்ட வட்டமாக வெல்டிங் புள்ளிகள் இருக்கும். உங்கள் வண்டியில் அவை எப்படி இருக்கின்றன என்று பார்த்துவிட்டு இதில் பாருங்கள். புள்ளிகள் மறைந்து வழவழவென்று பட்டி போட்டிருந்தாலோ, புள்ளிகளின் இடைவெளி தாறுமாறாக இருந்தாலோ அந்த மூலை ஒருமுறை டிங்கரிங் பார்த்திருக்கிறது. பானெட் கீலின் போல்ட்டுகளில் பெயிண்ட் சிதைந்திருந்தால் பானெட்டைக் கழற்றியிருக்கிறார்கள். எல்லாக் கண்ணாடியின் மூலையிலும் தயாரிப்பு வருடக் குறி உண்டு, ஒன்று மட்டும் பிந்தைய வருடமாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஒரு கண்ணாடி மாற்றியது பெரிய குற்றமில்லை. கேள்விக்கு வரும் பதில் எப்படி இருக்கிறது என்பதுதான் விஷயம்.

காகிதங்களைப் பரிவாகன் தளத்திலேயே பார்த்துவிடலாம்: எத்தனையாவது கை, ஹைபோதிகேஷன் நீங்கியதா, இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா, இ-செலான் பாக்கி உண்டா என்று. டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு வந்த தடையால் அங்கிருந்து டீசல் ஸ்விஃப்டுகள் மலிவாக வந்து சேருகின்றன. அந்த விலையை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். அங்கத்திய என்.ஓ.சி., இங்கே மறுபதிவு, தமிழ்நாட்டு ஆயுள் வரி மூன்றையும் கூட்டிப் பார்த்தால் உள்ளூர் வண்டியே பரவாயில்லை என்று தோன்றலாம். வடக்கத்திய மழைக்காலமும் உப்புக்காற்று இல்லாத வறட்சியும் பாடிக்கு நல்லதா கெட்டதா என்று தரகர்கள் நீளமாகப் பேசுவார்கள். காது கொடுக்காமல் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள்.

ஒரே வீட்டில் இரண்டு

அண்ணன் ஒன்று தம்பி ஒன்று, அல்லது கணவன் ஒன்று மனைவி ஒன்று என்று ஒரே மாடல் இரண்டு நிற்கும் வீடுகள் இருக்கின்றன. இதில் ஒரு பெரிய லாபம், கோளாறு கண்டுபிடிப்பது. ஒரு வண்டி திணறுகிறது, இக்னிஷன் காயில்மேல் சந்தேகம் என்றால், அடுத்த வண்டியின் காயிலைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிடலாம். திணறல் போனால் காயில்தான், கடைக்குப் போய் ஒன்று வாங்கினால் போதும். ரிலே, ஃபியூஸ், ஹாரன், வைப்பர் மோட்டார் எல்லாவற்றுக்கும் இந்த வழி நடக்கும். ஆனால் எஞ்சின் கம்ப்யூட்டரையும் சாவியையும் மாற்றிப் பார்க்காதீர்கள். இம்மொபிலைசர் உள்ள வண்டியில் சாவியும் கம்ப்யூட்டரும் ஜோடி சேர்த்தவை, வேறொன்றைச் சொருகினால் ஸ்டார்ட் ஆகாது. ஏர்பேக் பக்கம் கையே வைக்க வேண்டாம்.

இன்ஷூரன்ஸில் கவனிக்க வேண்டியவை இரண்டு. வண்டியை ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பு ஆளுக்கு ஒன்று போதும். இரண்டு கார் ஒருவர் பேரில் இருந்தால் இரண்டு பாலிசியிலும் அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஏஜென்ட் தானாகச் சொல்லமாட்டார், நீங்களே கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். அடுத்து, நோ கிளெய்ம் போனஸ். அது உங்களுக்குச் சொந்தம், வண்டிக்கு இல்லை. க்ளெய்ம் இல்லாமல் ஐந்து வருடம் ஓட்டியவருக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை தள்ளுபடி கிடைக்கும். பழைய காரை விற்கும்போது அதற்கான சான்றை வாங்கிக்கொண்டால் மூன்று வருடத்துக்குள் வாங்கும் காரில் பயன்படுத்தலாம். விற்காமல் இரண்டாவதாக இன்னொன்று சேர்த்தால் அந்தப் போனஸ் முதல் காரிலேயே இருக்கும், புதியது பூஜ்யத்தில் தொடங்கும்.

ஃபாஸ்டேக்கைப் பழைய வண்டியிலிருந்து பெயர்த்துப் புது வண்டியில் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மாடல் ஒன்றானாலும் டேக் பதிவு எண்ணோடு இணைந்தது. டோல்கேட்டில் எண் ஒத்துப்போகாவிட்டால் டேக் முடக்கப்படும். 2025இல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான வருடாந்திர பாஸும் அந்த ஒரு வண்டிக்கே. விற்கும்போது டேக்கைப் பேங்கில் சொல்லி மூடிவிடுங்கள், இல்லையென்றால் வண்டியை வாங்கியவர் போகும் டோல்கேட் பணம் உங்கள் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருக்கும்.

இரண்டையும் ஒரே நிறத்தில் வாங்க வேண்டாம் என்பேன். அவசரத்தில் தவறான சாவியோடு கீழே இறங்கி வருவது ஒருபக்கம். ஒரு வண்டியின் புகைச் சான்றை இன்னொன்றில் வைத்துவிட்டு போலீஸ்காரரிடம் விளக்கம் சொல்வது இன்னும் எரிச்சல்.

உதிரிக்காக ஒரு வண்டி

கம்பெனி நிறுத்திவிட்ட மாடலைக் காப்பாற்ற இன்னொன்றை வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. மாருதி 800 இதற்கு நல்ல உதாரணம். 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் நின்றது. சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் 2010லேயே, பி.எஸ்.4 விதியால் விற்பனை நின்றது. ஓடும் சாமான்களுக்குக் கவலையில்லை. சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடினால் இன்னமும் கிடைக்கும். கிடைக்காதவை உள்புறப் பிளாஸ்டிக், டாஷ்போர்டு, கதவுக் கைப்பிடி, விளக்குக் கூடு, நல்ல நிலையில் உள்ள பானெட், கதவு. உதிரி வண்டி வாங்குவது இவற்றுக்காகத்தான். அதனால் எஞ்சின் ஓடுகிறதா என்று பார்க்காதீர்கள், தகடும் உள் அலங்காரமும் நன்றாக உள்ள, எஞ்சின் செத்த வண்டியாகப் பாருங்கள். விலையும் குறையும். 1986க்கு முந்தைய பாடியும் பிந்தைய பாடியும் வேறு, கார்ப்பரேட்டர் வண்டியும் எம்.பி.எஃப்.ஐ. வண்டியும் வேறு என்பதை மறக்க வேண்டாம்.

எஞ்சினையே எடுத்து மாற்றுவதாக இருந்தால் ஆர்.டி.ஓ.வில் முன் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் புது எஞ்சின் எண்ணை ஏற்ற வேண்டும். எண் மாறியிருப்பது பிறகு தெரிந்தால் எஃப்.சி.யும் போகும், க்ளெய்மும் போகும். ரப்பர் பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், சீட் பெல்ட் இவற்றை உதிரி வண்டியிலிருந்து எடுக்கவே கூடாது. எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் புதிதாக வாங்கிப் போடுங்கள்.

ஓட்டும் வண்டியின் செலவையும் கணக்கில் வையுங்கள். 15 வருடம் முடிந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600லிருந்து 5,000 ரூபாயானது. 20 வருடம் தாண்டியதற்கு 2025இல் 10,000 ஆனது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இதைக் கட்டி, பசுமை வரியும் கட்ட வேண்டும்.

உதிரி வண்டியை வாங்கியதும் பெயர் மாற்றி, பிரித்த பிறகு பதிவை ரத்து செய்துவிடுங்கள். பெயர் மாற்றாமல் பழைய உரிமையாளர் பேரிலேயே போட்டு வைத்தால் வரி, அபராதம் என்று எது வந்தாலும் அவர் வீட்டுக்குப் போய், அங்கிருந்து உங்கள் வீட்டுக்கு ஆள் வரும். அங்கீகாரம் பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்தால் சான்று கிடைக்கும், ஆனால் வண்டியை முழுசாக அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே வேண்டிய சாமான்களை எடுப்பதானால் எதை எடுத்த பிறகும் வண்டியை ஏற்றுக்கொள்வார்கள் என்று அந்த மையத்திலேயே முதலில் கேட்டுவிடுங்கள். எஞ்சினும் சேஸிஸும் இல்லாத வெறும் கூட்டை வாங்க மறுப்பவர்களே அதிகம். கழற்றிய ஒவ்வொரு சாமானிலும் எந்தப் பக்கத்தது, எந்த போல்ட்டுகளோடு வந்தது என்று எழுதி ஒட்டி, போல்ட்டுகளைச் சின்னக் கவரில் போட்டு அதோடு கட்டிவையுங்கள். கதவுகளைப் படுக்கவைக்காமல் சுவரோடு நிமிர்த்தி, அடியில் பழைய டயர் துண்டு போட்டு வைக்க வேண்டும்.